கம்பியும் என் இடது முழங்கையும்

கண்டக்டருக்கு எத்தனை கை என்று யாராவது கேட்டால் மூன்று என்பேன். வலது கை டிக்கெட் மெஷினுக்கு. இடது கை ரூபாய் நோட்டுக்கு. மூன்றாவது, இடது முழங்கை. அது பஸ்ஸுக்குச் சொந்தம். பின்படிக்குப் பக்கத்தில் நட்டுவைத்திருக்கும் கம்பியை முழங்கை மடிப்புக்குள் கொடுத்து இறுக்கிக்கொண்டால், டிரைவர் எப்படி ஆட்டினாலும் ஆள் விழமாட்டான், இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். ஜங்ஷனில் கிளம்பி, பாலக்கரை, காந்தி மார்க்கெட், சத்திரம், காவிரிப் பாலம், ஸ்ரீரங்கம் என்று போவதும் வருவதுமாகப் பதினான்கு வருடம் அந்தக் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். என்னை ஒருநாளாவது அவ்வளவு நேரம் கட்டிப்பிடித்ததுண்டா என்று என் மனைவி கேட்டிருக்கிறாள். நியாயமான கேள்விதான்.

எங்களுடையது தனியார் டவுன் பஸ். நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொள்வதுதான் எங்கள் அடையாளம். பத்து ரூபாய் சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில். இருபது அடுத்த இடுக்கில். ஐம்பது அதற்கடுத்ததில். கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுக்கலாம். கண்டக்டர் வேலைக்கு வந்த புதிதில் வீட்டில் செய்தித்தாளைக் கிழித்து மடித்து விரலிடுக்கில் வைத்துக்கொண்டே சாப்பிட்டுப் பழகியவன் நான். இந்த வேலையில் எனக்குக் கர்வம் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை.

முதலில் உதிர ஆரம்பித்தது பத்து ரூபாய்தான். நான் பாட்டுக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டு போவேன், பின்னால் யாராவது, "கண்டக்டரே, பணம் கொட்டுது பாருங்க" என்பார்கள். குனிந்து பொறுக்குவேன். காற்றைத் திட்டுவேன், கசங்கிய நோட்டைத் திட்டுவேன். சுண்டுவிரல் மரத்துப்போயிருந்தது எனக்கே தெரியும். கூடவே மோதிர விரலில் பாதி. பாதி என்றால் நீளவாக்கில் பாதி. சுண்டுவிரலை ஒட்டிய பக்கம் எறும்பு ஊரும், அந்தப் பக்கம் ஒன்றுமே நடக்காத மாதிரி சமர்த்தாக இருக்கும். ஒரே விரலுக்குள் இப்படிப் பாகப்பிரிவினை நடக்கிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

மனைவி நம்பினாள், ஆனால் அவள் வழியில் நம்பினாள். எடமலைப்பட்டி புதூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். ஊரிலிருக்கிற அத்தனை பேருடைய மெடிக்கல் ரிப்போர்ட்டும் அவள் மெஷின் வழியாகத்தான் போகிறது. அதனால் தனக்குப் பாதி டாக்டர் படிப்பு முடிந்துவிட்டதாக நினைப்பு.

"இடது கையா? மரத்துப் போகுதா? ஏங்க, அது ஹார்ட்டுங்க!"

"சுண்டுவிரல்ல எங்கடி ஹார்ட்டு இருக்கு?"

"நீங்க பேசாம வாங்க."

போனேன். மார்பில் ஒயரை ஒட்டினார்கள், ஓடுகிற பட்டையில் ஓடச் சொன்னார்கள். இதயம் பிரமாதமாக இருக்கிறதாம். மனைவிக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும். இதயத்துக்காக நிறுத்திய பரோட்டாவை, இதயம் சரி என்று தெரிந்த பிறகும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அடுத்து ஒருவர் கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது என்று பட்டை போட்டார். கழுத்துப் பட்டையோடு கண்டக்டர் வேலை பார்ப்பது ஒரு தண்டனை. கீழே உட்கார்ந்திருப்பவர் முகம் தெரியாது, அவர் நீட்டுகிற காசும் தெரியாது. இரண்டு வாரம் பஸ்ஸின் கூரையைப் பார்த்தபடியே டிக்கெட் போட்டேன். நரம்பாக இருக்கும் என்று ஒரு நாள் டீக்கடையில் வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தேன். நம் ஊரில் நரம்பு என்று வாயெடுத்தால் போதும், லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்ப்பவர்களின் சுவர் விளம்பரம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். சக கண்டக்டர்கள் ஒரு வாரம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் துக்கம் விசாரித்தார்கள். எங்கள் டிரைவர் பாலக்கரைக்காரர், என்னைவிடப் பெரியவர், பாய் என்றுதான் கூப்பிடுவேன். அவர் மட்டும் சிரிக்காமல் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தார். "தின்னு தம்பி, வேற எதையும் யோசிக்காதே" என்றார். அவரும் என்ன நினைத்துக் கொடுத்தார் என்று எனக்குத் தெரியாதா?

இதுவரை எல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

தனியார் பஸ் எந்த நிறுத்தத்திலும் முழுசாக நிற்காது. இது திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் வருகிற வண்டிக்கும் எங்களுக்கும் இரண்டு நிமிடம்தான் இடைவெளி. விட்டால் அடுத்த நிறுத்தத்துக் கூட்டம் அவனுக்குப் போய்விடும். அதனால் நிற்பது மாதிரி பாவனை செய்வோம். சக்கரம் உருண்டுகொண்டே இருக்கும். நான் வலது கையால் கம்பியைப் பிடித்துப் படியில் தொங்குவேன், நோட்டுகளைப் பைக்குள் தள்ளிவிட்டு இடது கையைக் கீழே நீட்டுவேன். அதைப் பிடித்து ஜனம் ஏறும். கூடை வைத்திருப்பவர்கள், மூட்டுவலிக்காரர்கள், புடவை தடுக்குபவர்கள் எல்லோரையும் ஒரே இழுப்பில் மேலே ஏற்றிவிடுவேன். "ஏறு, ஏறு, ஏறு, ரைட்!" இதுதான் தொழில்.

அன்று காந்தி மார்க்கெட்டில் ஒரு அம்மா. கையில் காய்கறிப் பை. வழக்கம்போல் கையை நீட்டினேன், அவரும் நம்பிப் பிடித்தார். நான் அவர் மணிக்கட்டைச் சுற்றி விரல்களை மூடினேன். மூடினேன் என்று நினைத்தேன். கட்டைவிரலும் அடுத்த இரண்டும் மூடின. கடைசி இரண்டும் சும்மா இருந்தன. மணிக்கட்டு அந்தத் திறந்த பக்கம் வழியாக வழுக்கிப் போனது. அந்த அம்மா ரோட்டில் உட்கார்ந்த நிலையில் விழுந்தார். வெங்காயமும் முருங்கைக்காயும் நாலாபுறமும் உருண்டன. பின்னால் வந்த ஆட்டோ ஒரு கஜத்தில் நின்றது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? திட்டினேன். "ஒழுங்கா புடிச்சு ஏற வேணாமாம்மா? கையை விட்டா நான் என்ன பண்றது?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். அந்த அம்மா முட்டியைத் தேய்த்துக்கொண்டே எழுந்து, "நான் எங்கங்க விட்டேன்..." என்று ஆரம்பித்துவிட்டு, சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்து வெட்கப்பட்டு, வெங்காயத்தைப் பொறுக்கப் போய்விட்டார். பாய் கண்ணாடியில் பார்த்து, "என்ன தம்பி?" என்றார். "அந்தம்மா கையை விட்டுடுச்சு பாய், ரைட் போங்க" என்றேன்.

எனக்குக் கோபம் வரும், வாய் நீளம், இதெல்லாம் பழைய கதை. ஆனால் பொய் சொன்னதாக ஞாபகம் இல்லை. அன்று முழுக்க ஒவ்வொரு நிறுத்தத்திலும் கையை நீட்டும்போது, ஏறுகிறவர் முகத்தைப் பார்க்காமல் என் விரல்களையே பார்த்தேன். இந்தக் கையை நம்பி இனிமேல் ஒருத்தர் ஏறலாமா? ஏறக்கூடாது என்றால் எனக்குப் படியில் என்ன வேலை? ஓனரிடம் சொன்னால் மறுநாளே வேறு ஆள் வருவான். சொல்லாவிட்டால் அடுத்த தடவை ஆட்டோ நிற்குமோ நிற்காதோ. பயந்துபோய்விட்டேன், அவ்வளவுதான் விஷயம்.

கழுத்துப் பட்டையை எறிந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இந்தத் தடவை ஒரு பெண் டாக்டர். சின்ன வயசு. ரிப்போர்ட் கட்டைத் திறக்கவே இல்லை.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"கண்டக்டருங்க. தனியார் பஸ்."

"எப்படி நின்னு டிக்கெட் போடுவீங்க? நின்னு காட்டுங்க."

குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்தது. அதற்குள் முழங்கையைக் கொடுத்து மடக்கி, உடம்பைச் சாய்த்து, கையை நெஞ்சுக்கு நேரே வைத்து நின்றேன். சக்கரம் வைத்த ஸ்டாண்டு, அது பாட்டுக்கு நகர்ந்தது, நானும் கூடவே போனேன். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். பிறகு என் முழங்கையின் உள்பக்கத்து எலும்புக்குப் பின்னால் விரலால் ஒரு தட்டு தட்டினார். ஷாக் அடித்தது போல் சுண்டுவிரல் நுனிவரை பாய்ந்தது.

"கதவுல இடிச்சுக்கிட்டா கரண்ட் அடிக்குமே, அந்த இடம்தான் இது. எலும்புக்குப் பின்னாடி ஒரு பள்ளம் இருக்கு, அது வழியாத்தான் நரம்பு போகுது. மேல சதையே கிடையாது, தோல்தான். கையை மடக்கினா நரம்பு இழுபடும், அந்த வழியும் குறுகிடும். நீங்க மடக்கினது மட்டுமில்லாம, பஸ் ஆடுறப்பல்லாம் பக்கத்து சீட்டுக் கம்பியில வேற அதை இடிச்சுக்கிட்டே இருந்திருப்பீங்க. எத்தனை வருஷம்?"

"பதினாலு."

"அந்த நரம்பு பொறுமைசாலிங்க" என்றார்.

மருந்துச் சீட்டு ஒன்றைக் கிழித்து, என் சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் வைத்தார். "இறுக்கிப் பிடிங்க, நான் இழுப்பேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. யாரிடம் என்ன பரீட்சை வைக்கிறார்! நெரிசலில் பிக்பாக்கெட்காரனே என் விரலிடுக்கிலிருந்து நோட்டை உருவியதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன். அவர் இரண்டு விரலால் சாவகாசமாக எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்னொரு தடவை கேட்டேன். இன்னொரு தடவையும் எடுத்தார். வலது கையில் வைத்தபோது சீட்டு கிழிந்தது, விடவில்லை. அங்கேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண் பார்க்காத மாதிரி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார், நல்ல மனுஷி.

கையில் மின்சாரம் விட்டுப் பார்க்கும் டெஸ்ட் ஒன்று எடுத்தார்கள். முழங்கையைத் தாண்டும்போது நரம்பு தத்தித் தத்திப் போகிறது என்று அதுவும் சொன்னது. முதலில் ஆறு வாரம் கையை மடக்காமல் இருக்க வேண்டும், அதற்குப் பிறகு பார்ப்போம் என்றார் டாக்டர். தூங்கும்போது முழங்கையில் தடித்த துண்டைச் சுற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும். போன் பேசும்போது மடக்கக் கூடாது. கையை மடித்துத் தலைக்கு வைத்துப் படுக்கவே கூடாது.

இந்தக் கடைசி விதியைக் கேட்டதும் எனக்கு ஸ்ரீரங்கத்தில் பள்ளிகொண்டிருப்பவர்தான் ஞாபகத்துக்கு வந்தார். ஒரு நாள் வாய் சும்மா இருக்காமல், தினமும் எங்கள் வண்டியில் வரும் ஒரு பெரியவரிடம் கேட்டேன். கோயில் கைங்கரியக் குடும்பம், பன்னிரண்டு திருமண் இட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுவார்.

"சாமி, உங்க பெருமாளும் வலது கையைத் தலைமாட்டுக்குக் கொடுத்துத்தானே யுகக்கணக்கா படுத்திருக்காரு? அவருக்குச் சுண்டுவிரல் மரத்துப் போகாதுங்களா?"

பக்கத்து சீட்டுக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பெரியவர் கோபிக்கவில்லை.

"அவர் சயனத் திருக்கோலத்துல இருக்கார்ப்பா. ஆதிசேஷன் அணை. நீ தகரக் கம்பியை அணைச்சுண்டு நிக்கறே. ரெண்டும் ஒண்ணா? போய் ஒரு தரம் சேவிச்சுட்டு வா, கையும் சரியாகும், வாயும் சரியாகும்."

கைக்குப் போய்வந்தேன். வாய்க்கு வேண்டிக்கொள்ளவில்லை.

மடக்காதே என்றால் மடக்காமல் இருக்க முடிகிறதா? வண்டி கிளம்பி ஒரு நிமிடத்தில் கை தானாகக் கம்பியைத் தேடிப் போய்விடும். வீட்டில், "ரொம்ப ஜாக்கிரதையா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஜங்ஷனில் கூட்டத்தோடு கூட்டமாக ஏறியவள் என் மனைவி. நான் கவனிக்கவில்லை. கம்பியைக் கட்டிக்கொண்டு, "டிக்கெட், டிக்கெட்" என்று திரும்பினால் எதிரில் அவள் முகம்.

"ஒரு பாலக்கரை கொடுங்க" என்றாள். குரலில் தேன் வழிந்தது. "கையை எடுத்துட்டுக் கொடுங்க."

முன்சீட்டுப் பெண்கள் விவரம் கேட்டார்கள். அவளும் ஒன்று விடாமல் சொன்னாள். அன்றிலிருந்து நான் முழங்கையை மடக்கினால் பஸ்ஸில் இருக்கிற பெண்களெல்லாம் சேர்ந்து, "கை, கை" என்று குரல் கொடுத்தார்கள். என் வண்டியில் எனக்கே கண்டக்டர்கள்.

இத்தனையும் காலம் கடந்த வைத்தியம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், புறங்கைப் பக்கம், ஒரு சதை மேடு இருக்குமே, அது எனக்குக் குழிந்துபோயிருந்தது. ஆறு வாரம் கழித்து டாக்டர் அதை அமுக்கிப் பார்த்துவிட்டு ஆபரேஷன் என்றார். நரம்பை நெரிக்கிற திசுப் பட்டையை வெட்டி விடுவார்களாம், நரம்பு மூச்சு விடுமாம். முன்னாடியே வந்திருந்தால் இது இல்லாமலேகூடச் சரியாகியிருக்கும் என்றும் சொன்னார். ஹார்ட்டுக்கும் கழுத்துக்கும் அலைந்த மாதங்களை நினைத்து வீட்டுக்காரியை முறைத்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கையை மட்டும் மரக்கவைத்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் என் முழங்கையைத் திறந்துவைத்துக்கொண்டு, மத்தியானம் எந்தக் கடை பிரியாணி வாங்குவது என்று பேசினார்கள். பரோட்டாகூடக் கிடைக்காத நான் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

ஓனரிடம் கீழே விழுந்து எலும்பில் அடி என்று சொல்லியிருந்தேன். பாயிடமும் அதையேதான் சொன்னேன், பஸ்ஸில் கேட்ட "கை, கை"யும் அந்த அடிக்காகத்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார். மூன்று மாதம் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தேன். தினமும் காலையில் கடை திறந்ததும் ஒரு வெள்ளைத்தாளை என் விரலிடுக்கில் வைத்து மனைவி இழுப்பாள். தினமும் தாள் அவளோடு போய்விடும். "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று அதே தாளில் யாருடைய ஆதார் அட்டையையோ நகல் எடுத்துக் கொடுப்பாள். முதலில் எறும்பு ஊர்வது நின்றது. அப்புறம் மோதிர விரலின் பாகப்பிரிவினை தீர்ந்தது. ஒரு நாள் அவள் இழுத்தபோது தாள் வரவில்லை. இன்னும் இழுத்தாள், கிழிந்து பாதி அவள் கையில், பாதி என் விரலில். வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள் என்றும் பார்க்காமல் அழுதாள். நானும்தான். அன்று மதியம் பரோட்டா வந்தது.

ஆனால் புறங்கைக் குழி முழுசாக நிரம்பவில்லை. டாக்டரிடம் நேராகவே கேட்டேன். "ஒருத்தரைத் தூக்கிவிடலாமாங்க? ஓடுற வண்டியில?" அவர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நோட்டுப் பிடிக்கும், சட்டை பட்டன் போடும், எழுதும். ஆள் பாரத்துக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். சில நேரம் பிடிக்கும், சில நேரம் விட்டுடும்." எந்த நேரம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வேலைக்குத் திரும்பினேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. பத்து ரூபாய் நோட்டு அதன் இடுக்கில் கம்பீரமாக நின்றது, கர்வமும் திரும்பி வந்திருந்தது. நிறுத்தங்களில் ஏதோ சாக்குச் சொல்லிக் கையை நீட்டாமல் மூன்று நாள் ஓட்டிவிட்டேன்.

நான்காம் நாள், மாம்பழச்சாலை. வண்டி உருள்கிறது, பின்னால் அந்த இன்னொரு வண்டி ஹாரனை அலறவிடுகிறது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் ஓடிவந்தாள். "அண்ணே, அண்ணே" என்று கையை நீட்டினாள். என் இடது கை பழக்கத்தில் கீழே போய்விட்டது. அவள் விரல் என் விரலைத் தொட்டும்விட்டது. குழந்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் கையை இழுத்துக்கொண்டு, வண்டியை நிறுத்தச் சொல்லி விசிலை ஒரே நீளமாக ஊதினேன்.

பாய் பிரேக்கை மிதித்த மிதியில் நின்றவர்கள் எல்லாம் முன்னால் சரிந்தார்கள். "யா அல்லா! யாரு தம்பி விழுந்தா?"

"யாரும் விழலை பாய். ஏறணும். நில்லுங்க."

அந்தப் பெண் நிதானமாகப் படியேறி உள்ளே வந்தாள். அதற்குள் பின்னால் வந்த வண்டி எங்களைத் தாண்டிப் போய், அதன் கண்டக்டர் கையை ஆட்டிக் கேலி செய்தான். பாய் ஸ்ரீரங்கம் போய்ச் சேரும்வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

வண்டி காலியானதும் இறங்கி வந்தார். நல்ல கோபம்.

"என்னய்யா உனக்கு? கை கொடுத்து ஏத்துறதுக்கு என்ன?"

"கை சரியில்லை பாய். ஆபரேஷன் பண்ணியும் முழுசா வரலை. எப்ப விடும்னு எனக்கே தெரியாது." அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. "அன்னிக்கு மார்க்கெட்ல அந்தம்மா விடலை. நான்தான் விட்டேன். உங்ககிட்ட பொய் சொன்னேன்."

பாய் என் இடது கையை எடுத்தார். அந்தக் குழியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். ஓனரிடம் சொல்லிவிடுவார், முடிந்தது கதை என்று நினைத்தேன்.

"நீ விட்டே, சரி" என்றார். "பிரேக்கு யார் காலுக்குக் கீழ இருந்துச்சு? பதினாலு வருஷமா நான்தானேப்பா நிறுத்தாம ஓட்டுனேன்."

போய் டிரைவர் சீட்டில் ஏறிக்கொண்டார்.

திரும்பும் டிரிப்பில் அம்மா மண்டபத்தில் நின்றோம். மாம்பழச்சாலையில் நின்றோம். சத்திரம் வருவதற்குள் எங்கள் வண்டி ஆறு நிமிடம் பின்தங்கிவிட்டது. ஓனர் போன் மேல் போன் அடித்தார், பாய் எடுக்க வேண்டாம் என்று கண்ணாடியில் தலையாட்டினார். காந்தி மார்க்கெட்டில் வண்டி சக்கரம் அசையாமல் நின்றது. மூட்டை முடிச்சோடு நின்றவர்கள் ஏதோ பிரேக்டவுன் என்று நினைத்து முதலில் ஏறவே இல்லை. "ஏறுங்கம்மா, மெதுவா ஏறுங்க" என்று நான் கீழே இறங்கிச் சொல்ல வேண்டியிருந்தது. கடைசி ஆள் உள்ளே போய் உட்காரும்வரை நான் விசிலை வாயில் வைக்கவில்லை.